கத்தரிக்காய் சொன்ன கம்ப்யூட்டர்

போன சனிக்கிழமை மத்தியானம். ஸ்ரீரங்கம் போவதற்காகச் சத்திரம் பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டிருந்தேன். நல்ல வெயில். பக்கத்தில் நின்ற ஒரு பெண் என்னைப் பார்ப்பதும் திரும்பிக்கொள்வதுமாக இருந்தார். இந்தப் பத்தியின் மேலே தபால்தலை அளவில் என் போட்டோவைப் போடுகிறார்கள் அல்லவா? அதை வைத்து என்னைக் கண்டுபிடிப்பது லேசில்லை. சில வாரங்களில் 'யார் இது?' என்று எனக்கே தோன்றியிருக்கிறது.

கடைசியில் கேட்டே விட்டார்.

"நீங்க... வாராவாரம் எழுதறீங்கல்ல, எமிலி டீச்சர்தானே?"

நான்தான் என்றேன். லால்குடியில் ஒரு ஆபீஸில் வேலையாம். சீக்கிரமே அங்கே கம்ப்யூட்டர் வரப்போகிறதாம். இருபத்தோராம் நூற்றாண்டு வருகிறது, வருகிறது என்று ரேடியோவில் தினமும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள், லால்குடிக்கு மட்டும் வராமலா போகும்? வருவதற்குள் கற்றுக்கொண்டுவிட வேண்டும் என்று பையிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்துக் காட்டினார். செங்கல் கனம். பழுப்பு அட்டையெல்லாம் போட்டு, லேபிள் ஒட்டி, அவ்வளவு பக்தியாக வைத்திருந்தார்.

"எவ்வளவு தூரம் படிச்சிருக்கீங்க?"

"பாதி முடிச்சுட்டேங்க. முழுசா முடிச்சுட்டு அப்புறமா ஒரு ப்ரோக்ராம் எழுதிப் பாக்கலாம்னு இருக்கேன்."

"இதுவரைக்கும் ஒண்ணுகூட எழுதிப் பாக்கலையா? தெரிஞ்சவங்க ஆபீஸ், ட்யூஷன் சென்டர், எங்கேயாவது மெஷின் கிடைக்குமே?"

"கிடைக்கும்ங்க. ஆனா... தப்பா வந்துட்டா?"

தப்பாக வந்துவிட்டால்!

அதற்குள் பஸ் வந்துவிட்டது. முண்டியடித்து ஏறியதில் அவர் முன்னால், நான் பின்னால். காவிரிப் பாலத்தில் ஜன்னல் வழியே காற்று வந்தபோதெல்லாம் அவர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். பதில் சொல்லத்தான் முடியவில்லை. அவரிடம் சொல்லாமல் விட்டதை இங்கே சொல்லிவிடுகிறேன். லால்குடி சகோதரி, படிக்கிறீர்கள்தானே?

தப்பாக வந்துவிட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். ஒரு மைதானம் நிறைய ஜனங்களுக்கு முன்னால், மைக் வைத்து, எனக்குத் தப்பாக வந்திருக்கிறது!

நான் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர் என்பது பழைய வாசகர்களுக்குத் தெரியும். கன்னியாஸ்திரிகள் நடத்துகிற பள்ளி. அங்கே கம்ப்யூட்டர் வந்து இறங்கியதும், "கணக்கு டீச்சர்தானே, உங்களுக்குத்தான் வரும்" என்று என் தலையில் கட்டினார்கள். கணக்குக்கும் கம்ப்யூட்டருக்கும் என்ன சம்பந்தம்? கணக்கு டீச்சருக்கு ரேஷன் கடையில் எடைபோட வரும் என்பது போலத்தான். ஆனால் மறுத்துப் பேசுகிற வழக்கம் எங்கள் பள்ளியில் கிடையாது.

கோடை விடுமுறையில் பயிற்சிக்கு அனுப்பினார்கள். பயிற்சி என்றால்... போர்டு நிறையக் கட்டங்கள். டீ போடுவது எப்படி என்று ஃப்ளோ சார்ட். 'பால் இருக்கிறதா?' என்று சாய்சதுரத்துக்குள் ஒரு கேள்வி. இருந்தால் இந்தப் பக்கம், இல்லாவிட்டால் அந்தப் பக்கம். பயிற்சி முடிகிறவரை மெஷினைத் தூரத்திலிருந்து தரிசனம் செய்ததோடு சரி. டீயும் கிடைக்கவில்லை.

திரும்பி வந்தால் எங்கள் பள்ளியிலும் அதே கதை. கம்ப்யூட்டருக்கென்று தனி அறை, பூட்டு. டைலரிங் டீச்சர் ரோஜாப்பூ எம்பிராய்டரி போட்டு அதற்கு ஓர் உறை தைத்துக் கொடுத்திருந்தார். மாதா சிலை இருக்கிற கெபிக்கு வெளியே கழற்றுகிற மாதிரி செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். பெண்கள் பெஞ்சில் உட்கார்ந்து பார்க்கலாம், தொடக் கூடாது. அப்புறம் அவர்கள் எப்படிப் பழகுவது? அட்டையில் கீபோர்டு படம் வரைந்து ஆளுக்கு ஒன்று கொடுத்திருந்தேன். அதன்மேல் விரல் வைத்துத் தட்டிப் பழகுவார்கள். சத்தமே வராத கீபோர்டு. பார்க்கப் பாவமாக இருக்கும்.

எங்கள் ஹெட்மிஸ்ட்ரஸ் சிஸ்டரைக் குறை சொல்ல முடியாது. அவருக்கு அவர் கவலை. விலை உயர்ந்த சாமான், கெட்டுப்போனால் யார் பதில் சொல்வது? அதுவுமில்லாமல், பக்கத்து ஆண்கள் பள்ளியை நடத்தும் பிரதர் அந்த மெஷினின் மேல் ஒரு கண் வைத்திருந்தார். "உங்க பிள்ளைங்களுக்கு அது எதுக்கு சிஸ்டர்? எங்க பசங்கன்னா உபயோகப்படுத்துவாங்க" என்று பார்க்கும்போதெல்லாம் கேட்டிருக்கிறார்.

ஒரு நாள் சிஸ்டர் என்னைக் கூப்பிட்டுத் தெளிவாகச் சொல்லிவிட்டார்.

"எமிலி டீச்சர், ஸ்கூல் விழா வரைக்கும் பார்ப்போம். அதுக்குள்ள இதனால நமக்கு ஏதாவது பிரயோஜனம் இருக்குன்னு காட்டுங்க. இல்லேன்னா பிரதர்கிட்டயே கொடுத்துடறேன். பூட்டி வச்சு என்ன பண்றது?"

நியாயமான பேச்சுதான். ஆனால் மெஷின் போய்விட்டால் என் பெண்கள் அட்டைக் கீபோர்டோடு பள்ளியை முடித்துவிட்டுப் போவார்கள். அது எனக்குப் பொறுக்கவில்லை.

உடனே என்ன செய்தேன்? அகலக்கால் வைத்தேன். பள்ளி முழுவதற்கும் மார்க் ஷீட் போட்டு, ராங்க் போட்டு, ப்ராக்ரஸ் ரிப்போர்ட்டே அடித்துத் தள்ளுகிற ஒரு ப்ரோக்ராம்! ஏணி வைத்தாலும் எட்டாத வேலை. எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாமலே பல நாள் ஓடிவிட்டது. திரையில் ஒரு வரிகூட ஒழுங்காக வந்தபாடில்லை.

அப்போது வந்து சேர்ந்தவள்தான் ரங்கநாயகி.

சயின்ஸ் டீச்சர். ஸ்ரீரங்கத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவள். எனக்குச் சம வயது, வாய் மட்டும் என்னைவிடப் பெரியது. ஒருநாள் சாயங்காலம் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, என் பின்னால் நின்று திரையைப் பார்த்தாள்.

"இது என்னை என்னன்னு கூப்பிடும், எமிலி?"

"கூப்பிடாது. இது மார்க் ஷீட்..."

"அதெல்லாம் கெடக்கட்டும். முதல்ல என் பேரைச் சொல்லிக் கூப்பிடச் சொல்லு, பாப்போம்."

சிரித்துக்கொண்டே நாலைந்து வரி அடித்தேன். 'உங்கள் பெயர்?' என்று மெஷின் இங்கிலீஷில் கேட்டது. அடித்தாள். 'வணக்கம் ரங்கநாயகி' என்று இங்கிலீஷ் எழுத்தில் திரையில் வந்தது. "பெருமாளே!" என்று கை தட்டினாள். அவளுக்குச் சந்தோஷம். எனக்கு அதைவிடச் சந்தோஷம். ஏனென்றால், அதுதான் நான் தொடங்கி முடித்த முதல் ப்ரோக்ராம்.

சிறுகக் கட்டிப் பெருக வாழ் என்று வீட்டுக்குத்தான் சொன்னார்களா? இதற்கும்தான்.

அதற்கப்புறம் தினமும் ஒன்று கேட்பாள். வாய்ப்பாடு கேள்வி கேட்கிற ப்ரோக்ராம் செய்தேன். "தப்பாச் சொன்னா திட்டணும், அப்போதான் டீச்சர் மாதிரி இருக்கும்" என்றாள். திட்டுகிற வரி சேர்த்தேன். ஒவ்வொரு முறையும் ஒரே திட்டாக இருக்கிறதே என்றாள். நாலு திட்டு எழுதி, மாற்றி மாற்றித் திட்டவைத்தேன். பெஞ்சில் இருந்த பெண்கள் திட்டு வாங்குவதற்காகவே தப்புத் தப்பாகப் பதில் சொன்னார்கள்!

கம்ப்யூட்டர் கற்றுக்கொள்ள ஆசைப்படுகிறவர்களுக்கு என் முதல் யோசனை இதுதான்: புத்தகம் அப்புறம். முதலில் ஒரு ரங்கநாயகியைத் தேடிப் பிடியுங்கள். 'இது எனக்கு என்ன செய்யும்?' என்று கேட்க ஓர் ஆள் இருந்தால் போதும், பாதி பாடம் தானாக வரும்.

அடுத்து அவள் கேட்டது: "தினம் என்ன சமைக்கறதுன்னு யோசிச்சே என் தலை நரைச்சுடுத்து. அதைச் சொல்லுமா உன் மெஷின்?"

சொல்லுமே! காய்கறிப் பெயர்களை வரிசையாகக் கொடுத்துவிட்டேன். கண்ணை மூடிக்கொண்டு அதிலிருந்து ஒன்றை எடு என்று சொல்ல, மெஷினுக்கு ஒரு கட்டளை உண்டு. குலுக்கல் சீட்டு மாதிரி. சாயங்காலம் பஸ்ஸுக்குக் கிளம்பும் முன் ரங்கநாயகி வந்து நிற்பாள். மெஷினைப் போட்டு, ப்ரோக்ராமை ஓட்டினால்...

கத்தரிக்காய்.

மறுநாள் போட்டோம். கத்தரிக்காய். அதற்கும் மறுநாள்?

"இதென்ன எமிலி, நேத்திக்கும் கத்திரிக்கா, இன்னிக்கும் கத்திரிக்கா! எங்காத்துல எல்லாரும் என்னை முறைக்கறா."

"மெஷினுக்குப் பிடிச்சிருக்கு போல. இன்னொரு தடவை கேளு."

இன்னொரு தடவை கேட்டால் வெண்டைக்காய் சொன்னது. சரிதான் என்று விட்டுவிட்டோம். இரண்டு பேருமே எம்.எஸ்ஸி. பட்டதாரிகள். ஏன் முதல் தடவை மட்டும் எப்போதும் கத்தரிக்காய் என்று இரண்டு பேருக்குமே தோன்றவில்லை. சிரித்துவிட்டு பஸ் பிடிக்கப் போய்விட்டோம்.

அந்தக் குலுக்கல் கட்டளையைப் பார்த்ததும்தான் விழாவுக்கு என்ன செய்யலாம் என்று பிடிபட்டது. எங்கள் பள்ளி விழா என்றால் தம்போலாதான் பிரதானம். ஒன்றிலிருந்து தொண்ணூறு வரை எண்கள். ஒரு துணிப்பையில் மரவில்லைகளைப் போட்டுக் குலுக்கி, ஒவ்வொன்றாக எடுத்து மைக்கில் சொல்வார்கள். கையில் இருக்கிற டிக்கெட்டில் அந்த எண் இருந்தால் அடித்துக்கொண்டே வர வேண்டும். முழு டிக்கெட்டும் முதலில் அடித்து முடித்தவருக்கு 'ஃபுல் ஹவுஸ்', பெரிய பரிசு. பாலக்கரையிலிருந்தும் பொன்மலை ரயில்வே குவார்ட்டர்ஸிலிருந்தும் குடும்பம் குடும்பமாக வந்து உட்காருவார்கள்.

இந்த வருஷம் பை வேண்டாம், கம்ப்யூட்டர் எண் சொல்லட்டும்! மேடையில் பெரிய டி.வி. வைத்துக் காட்டலாம். சிஸ்டருக்கே ஆசை வந்துவிட்டது. "பிரதரையும் கூப்பிடறேன்" என்றார்.

எழுதினேன். முதல் நாள் பதினேழையே மூன்று தடவை சொன்னது. ரங்கநாயகிதான் பிடித்தாள். சொன்ன எண்ணை மறுபடி சொல்லாமல் இருக்கச் செய்தேன். அப்புறம் கடைசி எண்ணைச் சொல்ல வராமல் திணறியது. அதையும் சரிசெய்தேன். ஒரு தப்பு, ஒரு திருத்தம், மறுபடி ஓட்டிப் பார்ப்பது. இந்த மாதிரி வேலையில் ஒரு ருசி இருக்கிறது, அனுபவித்தால்தான் தெரியும். எந்த எண்ணும் இரண்டாம் தடவை வருகிறதா என்று மட்டும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தோம். எந்த வரிசையில் வருகிறது என்று யார் பார்த்தார்கள்?

விழா நாள் சாயங்காலம். மைதானம் நிரம்பிவிட்டது. முன்வரிசையில் பிரதர். அவருக்குப் பின்னால் என் கணவர், அவருடைய அக்கா லூர்து அண்ணி.

அண்ணியைப் பற்றி ஒரு வார்த்தை. எங்கள் கூடவேதான் இருக்கிறார். நான் வைக்கிற ரசத்திலிருந்து துணி உலர்த்துகிற விதம் வரைக்கும் அவருக்கு எதுவுமே பிடிக்காது. விழாவுக்கு வரமாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தவரை நான்தான் அழைத்து வந்தேன். தம்போலா டிக்கெட்டையும் நான்தான் வாங்கி அவர் கையில் கொடுத்தேன். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

ப்ரோக்ராமைப் பதிந்து வைத்திருந்த கேசட்டை டேப் ரெக்கார்டரில் போட்டு, மெஷினில் ஏற்றினேன். கீச்... கீச்சென்று அந்தச் சத்தம் மைக்கில் போய்க் குழந்தைகள் காதைப் பொத்திக்கொண்டன. அப்புறம் திரையில் முதல் எண் வந்தது. ரங்கநாயகி மைக்கைப் பிடித்தாள்.

"அஞ்சும் ஏழும்... அம்பத்தேழு! வெறும் எட்டு! மூணும் ஒண்ணும் முப்பத்தொண்ணு!"

ஒரே ஆரவாரம். முதல் ஆட்டம் பிரமாதமாகப் போனது. ஃபுல் ஹவுஸ் என்று ஒரு கை உயர்ந்தது. யார் என்று பார்த்தால்... எங்கள் லூர்து அண்ணி! பரிசு, பளபளவென்று ஒரு பிரஷர் குக்கர். அண்ணி அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்த அழகைப் பார்க்க வேண்டுமே. அவர் என்னைப் பார்த்துச் சிரித்ததே அன்றைக்குத்தான்.

இரண்டாவது ஆட்டத்துக்கு டிக்கெட் கொடுத்து முடித்தார்கள். கரண்ட் போனது.

கரண்ட் போவது அதிசயமா? கொஞ்ச நேரத்தில் வந்துவிட்டது. மறுபடி மெஷினைப் போட்டு, மறுபடி கேசட், மறுபடி கீச்சு. ரங்கநாயகி உற்சாகமாக ஆரம்பித்தாள்.

"அஞ்சும் ஏழும்... அம்பத்தேழு!"

கூட்டம் சிரித்தது. மறுபடியும் அதுவா!

"வெறும்... எட்டு."

அவள் குரல் இறங்கிவிட்டது. திரையில் அடுத்த எண் வருவதற்குள் பின்வரிசையிலிருந்து யாரோ கத்தினார்கள்: "முப்பத்தொண்ணு!"

திரையில் முப்பத்தொன்று வந்தது.

அவ்வளவுதான். பழைய டிக்கெட்டைக் கையில் வைத்திருந்தவர்களெல்லாம் ஒருவருக்கொருவர் ஞாபகப்படுத்திக்கொண்டு, கம்ப்யூட்டரை முந்திக்கொண்டு சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். "எழுவத்தினாலு!" வந்தது. "பன்னெண்டு!" வந்தது. மைதானமே கோரஸாகச் சொல்ல, பின்னாடியே என் மெஷின் ஆமாம் சாமி போட்டது. பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

சிரிப்பு சட்டென்று நின்றது. நடு வரிசையில், பச்சைப் புடவை கட்டிய ஓர் அம்மா எழுந்து நின்றார். பொன்மலைக்காரர்.

"ஏங்க, இதென்னங்க நியாயம்? என்ன நம்பர் வரும்னு முன்னாடியே தெரியும் போல இருக்கே! அதான் டீச்சர் வீட்டு அம்மாவுக்கே குக்கர் விழுந்துச்சா?"

என் கணவர் ஆகாயத்தைப் பார்த்தார். அந்த அம்மா என்னைத் திருடி என்று மட்டும்தான் சொல்லவில்லை.

சிஸ்டர் வேகமாக மேடைக்கு வந்து மைக்கைக் கையால் பொத்திக்கொண்டார்.

"எமிலி டீச்சர், என்ன நடக்குது? பிரதர் பாத்துக்கிட்டு இருக்கார். மெஷின் ரிப்பேர்னு சொல்லிடலாமா?"

சொல்லியிருக்கலாம். சொன்னால் மானம் தப்பும். ஆனால் ரிப்பேரான மெஷினை யார் வைத்துக்கொள்வார்கள்? மறுநாளே உறையோடு ஆண்கள் பள்ளிக்குப் போய்விடும். அதோடு, ரிப்பேர் இல்லையே! சற்று முன்புதானே நன்றாக ஓடியது? அணைத்துப் போட்டதும் அதே எண்கள் வருகின்றன என்றால்... முதல் தடவை மட்டும் எப்போதும் ஒன்றே என்றால்...

"கத்தரிக்காய்!" என்று கத்திவிட்டேன்.

"என்னடி கத்திரிக்கா?" என்று ரங்கநாயகி கேட்டது, சிஸ்டர் கையை எடுத்துவிட்டிருந்ததால், மைக் வழியாகத் தெருவரைக்கும் கேட்டது.

எனக்குப் புரிந்துவிட்டது. மெஷினின் குலுக்கல் நிஜக் குலுக்கல் இல்லை. அதற்குள் ஏற்கெனவே ஒரு வரிசை இருக்கிறது. கரண்ட் போட்டதும் அந்த வரிசையின் முதலிலிருந்து ஆரம்பிக்கிறது. அதனால்தான் தினமும் சாயங்காலம் மெஷினைப் போட்டவுடன் கத்தரிக்காய். அதனால்தான் இன்றைக்கு ஐம்பத்தேழு.

மைக்கை வாங்கினேன். கொஞ்சம் தண்ணீர் குடித்துவிட்டுச் சொன்னேன்.

"அந்த அம்மா கேட்டது சரிதாங்க. இந்த மெஷினை அணைச்சுப் போட்டா அதே நம்பர்தான் வரும். எனக்கு இது இப்பத்தான் தெரியுது. தெரியாம எழுதிட்டேன். வேணும்னு பண்ணலைங்க. நம்பிக்கை இல்லேன்னா உங்க முன்னாடியே இன்னொரு தடவை அணைச்சுப் போட்டுக் காட்டறேன்."

காட்டினேன். ஐம்பத்தேழு, எட்டு, முப்பத்தொன்று. கூட்டத்தில் முணுமுணுப்பு. சிலர் தலையாட்டினார்கள், சிலர் நம்பவில்லை. அப்போதுதான் லூர்து அண்ணி எழுந்தார்.

குக்கரை இடுப்பில் வைத்துக்கொண்டு, விறுவிறுவென்று மேடைக்கு வந்தார். டொங்கென்று மேஜைமேல் வைத்தார். மைக்கெல்லாம் அவருக்குத் தேவையே இல்லை.

"எமிலிக்கு ஏமாத்தத் தெரியாதுங்க. ஏமாத்தத் தெரிஞ்சிருந்தா இத்தனை வருஷமா எங்கிட்ட திட்டு வாங்கிக்கிட்டு இருப்பாளா? இந்தாங்க குக்கர். மொதல்லேர்ந்து ஆடுங்க!"

மைதானம் குலுங்கச் சிரித்தது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் எனக்காக அவர் நாலு வார்த்தை பேசியது அன்றைக்குத்தான். அதுவும் ஊர் கூடிய இடத்தில். அந்தக் கடனை நான் எந்த ஜன்மத்திலும் தீர்க்க முடியாது.

சரி, முதலிலிருந்து ஆடுவது என்றால் எப்படி? மெஷின்தான் அதே எண்களைச் சொல்லுமே! மறுபடி துணிப்பையைக் கொண்டுவரப் போனார் பியூன். "கொஞ்சம் இருங்க" என்று தடுத்துவிட்டுக் கீபோர்டின் முன்னால் உட்கார்ந்தேன்.

யோசனை இதுதான். ஆட்டம் ஆரம்பிக்கும் முன் மெஷின் சும்மா காத்திருக்கக் கூடாது. சோழி குலுக்குவது போல, எண்களை உள்ளுக்குள்ளே தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். யாராவது வந்து ஒரு கீயை அழுத்தும் நிமிஷத்தில் நிறுத்த வேண்டும். எப்போது அழுத்துவார்கள் என்று மெஷினுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. இரண்டே வரி சேர்த்தால் போதும்.

அந்த இரண்டு வரியை அடிப்பதற்குள் நான் பட்ட பாடு! அவசரத்தில் எழுத்து மாறி, மெஷின் 'தப்பு' என்று சொல்ல, அது பெரிய டி.வி.யில் எல்லோருக்கும் தெரிந்தது. ரங்கநாயகி மைக்கில் சமாளித்தாள்.

"டீச்சர் இப்போ மெஷினுக்குப் பாடம் எடுத்துண்டிருக்கா. அது கொஞ்சம் மக்கு. எல்லாரும் பொறுத்துக்கோங்கோ."

முடிந்ததும் அதைக் கேசட்டில் பதிந்துகொண்டு, பச்சைப் புடவை அம்மாவைக் கூப்பிட்டேன். "நீங்கதான் வந்து அழுத்தணும்."

"நானா? எனக்கு இங்கிலீஷெல்லாம் தெரியாதுங்க."

"அழுத்தறதுக்கு இங்கிலீஷ் வேணாம்ங்க. உங்களுக்கு எப்பத் தோணுதோ, அப்ப அழுத்துங்க."

மேடைக்குக் கீழேயே செருப்பைக் கழற்றினார். வந்து நின்று, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, கண்ணை மூடி ஏதோ வேண்டிக்கொண்டார். அழுத்தினார். திரையில் இருபத்திரண்டு வந்தது.

இது புதிது! "இன்னொரு தடவை!" என்றார்கள். அணைத்துப் போட்டு, இன்னொருவர் வந்து அழுத்தினார். அறுபத்தைந்து. கைதட்டல் ஓயக் கொஞ்ச நேரம் ஆனது. அந்தச் சத்தத்தில் பச்சைப் புடவை அம்மா என் பக்கமாகக் குனிந்து, "நான் அழுத்துனது சரிதானே டீச்சர்?" என்று கேட்டார். கொஞ்ச நேரத்துக்கு முன்பு என்னை நடுங்கவைத்த அதே குரல்தான். எவ்வளவு கூச்சம் அதில்! அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

குக்கர் உறையூர்க்காரர் ஒருவருக்குப் போனது. அண்ணி இன்றைக்கும் பானையில்தான் சாதம் வடிக்கிறார். "கஞ்சி வடிச்சாத்தான் சோறு" என்று காரணம் சொல்கிறார். என் ரசத்தை மட்டும் இப்போதெல்லாம் ஒன்றும் சொல்வதில்லை.

லால்குடி சகோதரி, 'தப்பா வந்துட்டா?' என்று கேட்டீர்கள் அல்லவா? வரும். கட்டாயம் வரும். நீங்கள் படிக்கிற புத்தகத்தின் மீதிப் பாதியிலேயே அந்தக் குலுக்கல் விஷயம் எங்காவது எழுதியிருக்கலாம். நான் வைத்திருந்த புத்தகத்திலும் இருந்தது, அப்புறம் பார்த்தேன். படித்துவிட்டுத் தாண்டித்தான் போயிருக்கிறேன். மண்டையில் ஏறவில்லை. மைதானத்தில் ஏறியதை இனி மறக்க முடியுமா?

அதனால் சின்னதாக ஒன்று செய்யுங்கள். சின்னது என்றால், ஒரே உட்காரலில் முடிகிற அளவு. ஆபீஸுக்கே சம்பளப் பட்டியல் போடுகிறேன் என்று கிளம்பாதீர்கள், நான் மார்க் ஷீட்டில் பட்ட பாடு போதும். உங்கள் வீட்டுக்கு எது வேண்டுமோ அது. லால்குடி பஸ் வருகிற நேரமோ, மளிகைச் சாமானோ, எதுவாக இருந்தால் என்ன? முடித்ததும் ஒளித்து வைக்காதீர்கள். நாலு பேர் முன்னால் ஓட்டுங்கள். எழுதியவர் கண்ணுக்குத் தப்பு தெரியாது, அடுத்தவர் கண்ணுக்குத் தெரியும். அந்த அடுத்தவர் கொஞ்சம் சத்தமாகச் சொன்னால் கோபித்துக்கொள்ளாதீர்கள். 'ஏதோ விசித்திரமாக இருக்கிறதே' என்று தோன்றினால் சிரித்துவிட்டு பஸ் பிடிக்கப் போகாதீர்கள். அங்கேயே உட்கார்ந்து ஏன் என்று பாருங்கள். மெஷினுக்குக் கத்தரிக்காய் பிடிக்காது. அதற்கு எதுவுமே பிடிக்காது.

விழா முடிந்த திங்கட்கிழமை, சிஸ்டர் கூப்பிடுகிறார் என்று பியூன் வந்து சொன்னார். மைதானத்தில் கைதட்டியது ஜனங்கள். முடிவு சொல்ல வேண்டியது சிஸ்டர் அல்லவா? முன்வரிசையில் பிரதர் கடைசிவரை கைகட்டி உட்கார்ந்திருந்தது வேறு கண்ணிலேயே நின்றது. ஜெபமாலையை உருட்டிக்கொண்டே போனேன்.

சிஸ்டர் ஏதோ பேப்பரில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"பிரதர் காலையில ஃபோன் பண்ணினார். மெஷினை எப்ப எடுத்துக்கலாம்னு கேட்டார்."

என் கண் மேஜையில் இருந்த அறைச் சாவியில் போய் நின்றது.

"தர்றதுக்கில்லைன்னு சொல்லிட்டேன். இங்க வேலை இருக்குன்னேன். இனிமே பிள்ளைங்களே உக்காந்து அடிக்கட்டும் டீச்சர். கெட்டுப்போனா நான் பதில் சொல்லிக்கறேன்."

அறையின் சாவியை மேஜையில் என் பக்கமாக நகர்த்தினார். 'தேங்க்ஸ் சிஸ்டர்' என்று சொல்ல முயன்று, பாதி சொல்லி, எடுத்துக்கொண்டு திரும்பினேன். வாசல் வரை போனதும் பின்னாலிருந்து குரல் வந்தது.

"அது சரி... அடுத்த வருஷ விழாவுக்கு என்ன தப்புப் பண்ணப் போறீங்க?"

யோசித்துக்கொண்டேதான் இருக்கிறேன்!